காய்ச்சல் பத்தாத நெல்: ஒரு குறுவை அறுவடையின் நிகழ்வு ஆய்வு

நெல்லுக்குக் 'காய்ச்சல்' இருக்கிறதா என்று காவிரி டெல்டாவில் கேட்டால் உடம்புச் சூட்டைக் கேட்பதாக யாரும் நினைக்கமாட்டார்கள். நெல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த ஆய்வில் வரும் நெல்லுக்கு ஒரு காய்ச்சல் இல்லாமல் போனது, அதனால் இன்னொரு காய்ச்சல் வந்தது. 2022 குறுவையில், அதாவது ஜூன் முதல் அக்டோபர் வரையான குறுகிய கால நெல் பருவத்தில், திருவாரூர் மாவட்டத்தின் ஒரு கடைமடை ஊரில், அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில், நடந்தது இது. நான் அந்த ஊர் உழவர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவன். அறுவடையிலிருந்து விற்பனை வரை கூடவே இருந்தேன், தேதிகளையும் எடைகளையும் அன்றன்றே நோட்டில் குறித்தேன். குடும்பத்தார் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், கொள்முதல் நிலையம் எதையும் சொல்லவில்லை.

பின்னணி

குடும்பத்துக்கு 12 மா நிலம், அதாவது 4 ஏக்கர். அதில் ஒரு ஏக்கர் குத்தகை. வீட்டில் ஐம்பத்தெட்டு வயதான விவசாயி, அவர் மனைவி, விவசாயியின் தாயார் என்று மூன்று பேர். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார், அறுவடைக்கு மூன்று நாள் லீவு போட்டு வருவார். சொந்தமாகப் போர்செட் கிடையாது. வெண்ணாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால்தான் சாகுபடி.

அந்த வருடம் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12ஐ விடப் பத்தொன்பது நாள் முன்னால். கல்லணை மே 27ல் திறந்தது. டெல்டா முழுக்க ஒரே உற்சாகம். ஆனால் தலைமடைக்கு வந்த உற்சாகம் கடைமடைக்கு வரப் பொழுதாகும். இந்தக் குடும்பத்தின் வாய்க்காலில் நாற்றங்காலுக்குப் போதுமான தண்ணீர் வந்தது ஜூன் மூன்றாவது வாரத்தில்.

ஆடுதுறை 43 என்ற சன்ன நெல் ரகத்தை ஜூன் 22ல் நாற்று விட்டார்கள், ஜூலை 16ல் நட்டார்கள். 110 நாள் ரகம் என்பதால் அக்டோபர் 10ஐ ஒட்டி அறுவடை என்பது அன்றைக்கே தெரிந்த கணக்கு. அடுத்த தெருவில் போர்செட் வைத்திருப்பவர் அதே ரகத்தை மே கடைசியில் விதைத்து, செப்டம்பர் நடுவில் வெயிலில் அறுத்து விற்றும் முடித்துவிட்டார். அந்த வருடம் அரசுக் கொள்முதலும் அக்டோபர் 1க்குப் பதிலாகச் செப்டம்பர் 1ஆம் தேதியே தொடங்கியிருந்தது. ரகம் ஒன்று, உரம் ஒன்று, தெருதான் வேறு. விதைப்பில் இருந்த ஒரு மாத வித்தியாசம் பின்னால் எப்படி வட்டியோடு வந்து நின்றது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அறுவடைக்கு முந்தைய பதினைந்து நாள்

பயிர் நன்றாகவே இருந்தது. பூச்சியும் பெரிதாக இல்லை. இரண்டு விஷயங்களை மட்டும் நான் குறித்து வைத்தேன்.

முதலாவது யூரியா. அரசின் குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்த உரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சும்மா கிடப்பானேன் என்று கதிர் வரும் சமயத்தில் இன்னொரு கை வீசிவிட்டார். விளைவு, கதிரின் நுனி பழுத்து நிற்கும்போது அடிமணிகள் பச்சையாகவே இருந்தன. நூற்றுக்கு எண்பது மணி வைக்கோல் நிறத்துக்கு வந்தால் அறுக்கலாம் என்பது பொது விதி. இவர் வயலில் மேட்டுப் பக்கம் அந்த நிலையைத் தாண்டியிருந்தது, பள்ளத்துப் பக்கம் இன்னும் எட்டவில்லை.

இரண்டாவது தண்ணீர். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வயலை வடிய விடவேண்டும். இவரும் வடித்தார். ஆனால் மேல்வயல்காரர் வடித்த தண்ணீர் இவர் வயல் வழியாகத்தான் வடிகாலுக்குப் போயாக வேண்டும். சேறு காயவே இல்லை. டயர் வண்டி இறங்காது, பெல்ட் போட்ட அறுவடை வண்டிதான் வேண்டும் என்றாகிவிட்டது. பெல்ட் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, வாடகையும் கூடுதல்.

அக்டோபர் 8: மாலை நாலு மணி வண்டி

வண்டி ஏஜென்ட் வெள்ளிக்கிழமை இரவு போன் செய்து, "நாளைக்குச் சாயந்தரம் உங்க ஊருல இருக்கும், விட்டா பத்து நாளு ஆகும் மாமா" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா வயலும் ஒரே நேரத்தில் பழுத்து நின்றன.

விவசாயியின் யோசனை இப்படி இருந்தது: மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம், பயிர் சாய்ந்துவிட்டால் நின்ற நிலையிலேயே முளைக்கும், பச்சை மணி கொஞ்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நானும் அறுத்துவிடுங்கள் என்றுதான் சொன்னேன். இன்று யோசித்தாலும் அந்த முடிவு தவறென்று தோன்றவில்லை. நேரத்தைப் பற்றி நாங்கள் இருவருமே கேட்கவில்லை, அதுதான் தவறு. சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டி இறங்கியது, ஒன்பது மணிக்கு ஏறியது. கடைசி ஒன்றரை ஏக்கரைப் பனி விழ ஆரம்பித்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் அறுத்தார்கள். அதுவும் பள்ளத்துப் பக்கம்.

இங்கே பழைய முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரிவாளால் அறுத்த காலத்தில் தாளை அரி அரியாக வயலிலேயே போட்டு ஒரு பகல் காய விடுவார்கள். அப்புறம் கட்டு, தலைச்சுமையாகக் களம், கதிரை அடித்து உதிர்க்கும் தலையடி, மிச்சத்துக்கு மாடு கட்டிப் போரடி, காற்றில் தூற்றல், மறுபடி களத்தில் வெயில். இத்தனை கைமாறி வரும்போது நெல் தன்னால் காய்ந்துவிடும். 'உலர்த்துதல்' என்று தனியாக ஒரு வேலைக்குப் பெயர் வைக்கவோ கூலி கொடுக்கவோ தேவை இருக்கவில்லை. அறுவடை வண்டி இந்த எல்லாப் படிகளையும் ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கியது. ஆள் கிடைக்காத ஊரில் அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நிற்கிற பயிரை ஈரத்தோடு அறுத்து ஈரத்தோடு டிராக்டரில் கொட்டிவிடுகிறது. கைவேலைகளுக்குள் ஒளிந்திருந்த காய்ச்சல் வேலை இப்போது யாருடையது? விவசாயி அது கொள்முதல் நிலையத்தின் பாடு என்று நினைக்கிறார், நிலையம் விவசாயியின் பாடு என்கிறது. நடுவில் அம்பாரம், அதாவது நெல் குவியல், கிடக்கிறது.

அக்டோபர் 9 முதல் 12 வரை: அம்பாரம்

வீட்டில் களம் இல்லை. ஊர்க் களத்தில் பாதி இடிந்து புல் மண்டிக் கிடந்தது. ஆகவே நெல் இரவோடு இரவாக நேராக அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனது. டிராக்டர் நடையை வைத்துப் பார்த்தால் சுமார் 9 டன். அங்கே ஏற்கெனவே நாற்பதுக்கும் மேல் குவியல்கள் காத்திருந்தன.

திங்கட்கிழமை ஈரப்பதமானியில் வைத்தபோது 23 காட்டியது. கொள்முதல் வரம்பு 17 சதம்.

இந்த எண் வெறும் சம்பிரதாயம் இல்லை. 23 சதம் ஈரமுள்ள 100 கிலோவில் 77 கிலோதான் நெல், மிச்சம் 23 கிலோ தண்ணீர். அதை 17க்குக் காயவைத்தால் எடை 92.8 கிலோவாகக் குறையும். 9 டன் 8.35 டன் ஆகிவிடும். வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால், 23ல் வாங்கினால் தண்ணீருக்கும் விலை கொடுத்ததாக ஆகும். ஆலைக்குக் கொடுக்கும் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திரும்ப வரவேண்டும் என்பது அரசுக் கணக்கு. ஈர நெல்லில் அந்தக் கணக்கு உதைக்கும்.

விவசாயியின் தாயார் இதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "எப்புடியும் ஊறப்போட்டு அவிக்கத்தானே போறான்? அப்புறம் எதுக்குக் காய்ச்சல் பாக்குறான்?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை. கொள்முதலான நெல் அன்றே ஆலைக்குப் போய் ஊறுவதாக இருந்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் மூட்டை லாரி ஏற நாளாகும், அப்புறம் திறந்தவெளிக் கிடங்கில் தார்ப்பாய்க்கு அடியில் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். அந்த இடைவெளிக்காகத்தான் காய்ச்சல். தஞ்சாவூரில் இன்று இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொடக்கமே 1967ல் திருவாரூரின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் அமைந்த ஒரு சிறு ஆய்வுக்கூடம்தான். குறுவை அறுவடையில் மழை பட்ட நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அதன் முதல் கேள்வி. ஆக, பிரச்சினைக்கு வயது அரை நூற்றாண்டுக்கும் மேல்.

திங்கள் இரவு மழை பிடித்தது. விவசாயியிடம் இரண்டு தார்ப்பாய் இருந்தது, ஒன்று இரவல் வாங்கினார். நன்றாக மூடி, ஓரத்தில் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார். செவ்வாயும் புதனும் வானம் மூடியே இருந்தது. எப்போது கொட்டுமோ என்று பயந்து, இரண்டு நாளும் அவர் பாயைத் திறக்கவேயில்லை.

அக்டோபர் 13: கை சுட்டது

வியாழன் காலை மழை விட்டு வெளிச்சம் வந்தது. பாயின் ஒரு மூலையைத் தூக்கிய விவசாயியின் மனைவி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க கை விட்டுப் பாருங்க" என்றார். முழங்கை வரை விட்டேன். வெந்நீர்ப் பானைக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. புளித்த வாடை. பாயின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்வை.

நெல் என்பது உயிருள்ள விதை, அது மூச்சு விடுகிறது. ஈரம் கூடக்கூட மூச்சும் வேகமாகும். மூச்சு விடும்போது சூடும் ஈரமும் வெளியே வரும். காற்றாட இருந்தால் அவை போய்விடும், மூடிக் கட்டினால் உள்ளேயே சுற்றும். சூடு ஏற ஏறப் பூஞ்சாணம் வரும், உள்ளே அரிசி பழுப்பேறும். அப்படிப் பழுத்த அரிசியை ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் வெளுக்காது. பெரும்பாலான குறுகிய கால ரகங்களுக்கு விதை உறக்கமும் குறைவு. அறுத்த கையோடு ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் முளைக்கத் தயாராகிவிடும். மழைக்குப் பயந்து போட்ட பாய் மழை செய்திருக்கக்கூடிய அதே வேலையை உள்ளிருந்தே செய்துகொண்டிருந்தது.

முடிவு: மூன்று பங்கு

அன்று மதியம் எடுத்த முடிவுதான் இந்த ஆய்வின் மையம். முழு 9 டன்னையும் உடனே பரப்ப இடமில்லை, ஆளும் இல்லை. மகனும் திருப்பூருக்குத் திரும்பிவிட்டார். நெல்லை மூன்றாகப் பிரித்தார்கள்.

முதல் பங்கு சுமார் 3 டன். நிலையத்துக்கு எதிர்த்த தார்ச்சாலையின் ஓரத்தில் கிடைத்த இடத்தில் பரப்பினார்கள்.

இரண்டாம் பங்கு சுமார் 2 டன். டிராக்டரில் ஊருக்குள் கொண்டுபோய், கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறி போட்டு, இரண்டு மணிக்கு ஒரு தடவை காலால் துழாவினார்கள். மண்டபத்துக்கு வாடகை வாங்கவில்லை.

மூன்றாம் பங்கு 4 டன். அது நிலையத்திலேயே இருந்தது. பகலில் வெயில் அடிக்கும்போது பாயைத் திறப்பது, இரவில் மூடுவது என்று ஏற்பாடு.

பெரும்பங்கை ஏன் ஈரத்தோடு அங்கேயே விட்டார் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வரிசை. யார் நெல்லை முதலில் எடை போடுவது என்பதற்குப் பதிவுச் சீட்டு ஒருபுறம் இருந்தாலும், முற்றத்தில் குவியல் கிடந்தால்தான் இடம் நிச்சயம் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. "எடுத்துட்டுப் போயி காய வச்சுக் கொண்டாந்தா என் எடத்துல இன்னொருத்தன் கொட்டியிருப்பான்" என்றார். காய்ச்சலை விட வரிசைதான் முக்கியம் என்று அவரை முடிவெடுக்க வைத்தது முட்டாள்தனமல்ல. முற்றம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

தொடர்ந்து நடந்தவை

சாலைப் பங்கு சீக்கிரம் காய்ந்தது. வியாழன் பிற்பகல், வெள்ளி, சனி என்று இரண்டரை நாள் நல்ல வெயில். ஐந்து பெண்கள் அரை மணிக்கு ஒரு தடவை கிளறினார்கள். சனி மாலை 16.9. ஆனால் சாலையில் உலர்த்துவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். இரவில் அந்தக் குவியல்களில் இருசக்கர வண்டிகள் ஏறிச் சறுக்குவது வருடாவருடம் நடப்பது. கல்லும் தூசியும் சேரும். டயர் ஏறிய இடத்தில் மணி நொறுங்கும். இந்தப் பங்கு 17ஆம் தேதி எடை போடப்பட்டது. 40 கிலோ சாக்கில் 67 சாக்கு, 2,680 கிலோ. காய்ந்த கணக்குக்கு 2,780 வரவேண்டும். ஏறக்குறைய 100 கிலோ சாலையிலும் தூற்றலிலும் போனது.

மண்டபப் பங்கு மெதுவாகக் காய்ந்தது. ஆறு நாள் விசிறிக் காற்றில் 18 வரைதான் இறங்கியது. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது விசிறி என்ன செய்யும்? ஆனால் சூடேறவில்லை, முளைக்கவில்லை, வாடை இல்லை. அதுதான் அந்தப் பங்கின் லாபம். ஏழாம் நாள் ஒரு பகல் வெயிலில் பரப்பியதும் 16.5க்கு வந்துவிட்டது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் 45 சாக்கு, 1,800 கிலோ போட்டார்கள்.

நிலையத்துப் பங்குதான் கெட்டது. 14ஆம் தேதியும் 15ஆம் தேதியும் இரவில் மறுபடி தூறல். பகலில் திறந்தாலும் மேல் ஒரு சாண்தான் காய்ந்தது, நடுவில் சூடு அடங்கவில்லை. 16ஆம் தேதி கிளறியபோது நடுப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக முளை. அதன்பின் குவியலை உடைத்துப் பரப்பினார்கள், ஆனால் காலம் தாண்டியிருந்தது.

இதற்கிடையே மாநில அரசு ஈரப்பத வரம்பை 22 ஆக்கக் கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், அந்த மாத இறுதியில் 19 வரை வாங்கலாம் என்று உத்தரவு வந்தது. எங்களுக்கு மகிழ்ச்சிதான். மூன்றாம் பங்கு அப்போது 18.6 காட்டியது. ஆனால் வரம்பு என்பது ஈரம் மட்டுமல்ல. சேதமான, முளைத்த, வண்டு தாக்கிய மணிகள் 4 சதத்துக்கு மேல் போகக்கூடாது, நிறம் மாறியவற்றையும் சேர்த்து 5 சதம். ஈரத்துக்குக் கிடைத்த தளர்வு, அந்த ஈரம் ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்துக்குப் பொருந்தவில்லை. கெடாத ஓரத்தையும் மேல்பகுதியையும் பிரித்தெடுத்ததில் 30 சாக்கு, 1,200 கிலோ தேறியது. மிச்சம் 2,400 கிலோவைத் தனியார் வியாபாரி 60 கிலோ மூட்டை 650 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். தீவனத்துக்கு என்றார்.

கணக்கு

அந்தப் பருவத்தில் சன்னரகத்துக்குக் குவிண்டால் 2,160 ரூபாய். மத்திய அரசின் ஆதரவு விலை 2,060, மாநில ஊக்கத்தொகை 100. நிலையத்தில் போட்ட மொத்தம் 142 சாக்கு, 5,680 கிலோ, அதற்கு 1,22,688 ரூபாய். வியாபாரி கொடுத்தது 26,000. ஆக 1,48,688.

முழுவதும் 17ல் காய்ந்து, தூற்றலுக்கும் சிந்தலுக்கும் கழித்து 8,100 கிலோ தேறியிருந்தால் சுமார் 1,75,000 கிடைத்திருக்கும். வித்தியாசம் 26,000 சொச்சம். அதோடு கிளறின கூலி, டிராக்டர் நடை சேர்த்து 6,000. நாலு ஏக்கரில் 32,000 ரூபாய் வயலுக்கு வெளியே போனது. பூச்சி மருந்துக்கு அந்தப் பருவம் முழுக்கச் செலவழித்தது இதில் பாதி இருக்காது.

பணக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. தீவனத்துக்குப் போன 2.4 டன், நல்லபடி காய்ந்திருந்தால் சுமார் 1.6 டன் புழுங்கல் அரிசி. ரேஷனில் மாதம் 20 கிலோ வாங்கும் கார்டு என்று வைத்தால் ஏறக்குறைய எண்பது குடும்பத்தின் ஒரு மாத அரிசி. விளைச்சலைப் பற்றிப் பேசும்போது ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றே பேசுகிறோம். அறுத்ததில் எவ்வளவு உலைக்குப் போனது என்று கேட்பவர் குறைவு.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

நவம்பரில் குழுவில் உட்கார்ந்து பேசினோம். சில பேச்சு கோபத்தில் வந்தது, அதை விட்டுவிடுகிறேன். தேறிய விஷயங்கள் இவை.

தண்ணீர் தாமதமாக வரும் கடைமடையில் நாற்று விட்டு நடுவதற்குப் பதில் நேரடி விதைப்பு செய்தால், நட்ட பயிர் வேர் பிடிக்கப் போகும் நாட்கள் மிச்சமாகும், அறுவடை ஒரு வாரம் பத்து நாள் முன்னால் வரும். களை தொந்தரவு கூடும் என்பது அதன் விலை. பெரியவர்கள் இருவர் இதற்குக் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் சொன்ன களைக் கணக்கும் நியாயமானதே.

கதிர் வந்த பின் யூரியா வீசக்கூடாது, இலவசமாகக் கிடைத்தாலும்.

வண்டியை வாடகைக்கு எடுப்பது தனித்தனியாக அல்ல. நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாகப் பேசினால் நேரத்தை நாம் சொல்லலாம். பனி போன பிறகு, காலை பத்தரைக்கு மேல் இறங்கவேண்டும், பொழுது சாய்ந்தால் நிறுத்தவேண்டும். ஒரே வயலில் நண்பகலில் அறுத்ததற்கும் இரவில் அறுத்ததற்கும் ஈரம் எவ்வளவு மாறுகிறது என்று மறுவருடம் தளடியில், அதாவது குறுவைக்கு அடுத்த நெல் பருவத்தில், அளந்து பார்த்தோம். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தது.

ஈர நெல்லை மூடினால் பகலில் கட்டாயம் திறக்கவேண்டும். தூறினாலும் பந்தல் மாதிரி உயர்த்திக் கட்டிக் காற்று போக விடவேண்டும். தினம் காலையில் குவியலின் நடுவில் கை விட்டுப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மறுபுறம், காய்ந்த நெல் இரவுப் பனியில் நனையவும் கூடாது. காய்ந்தபின் மறுபடி ஈரம் குடித்தால் உள்ளே விரிசல் விட்டு, ஆலையில் நொய்யாகப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல் வயலோரத்திலேயே முடிந்தாக வேண்டும். நிலையத்துக்குப் போகும் நெல் காய்ந்த நெல்லாகப் போகவேண்டும். அதற்குக் களம் வேண்டும்.

சாய்ந்த பயிரில் கதிர் முளைக்காமலிருக்க 5 சத உப்புக் கரைசல் தெளிக்கும் முறையையும் பேசினோம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைதான். எங்கள் ஊரில் இதுவரை யாரும் செய்து பார்க்கவில்லை.

பிறகு

ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஊர்க் களத்தைச் செப்பனிட்டார்கள். சிமெண்ட் தளம், ஒரு பக்கம் வாட்டம். ஈரப்பதமானி ஒன்று வாங்கினோம். நிலையத்துக் கருவிக்கும் எங்களுடையதற்கும் அரைப் புள்ளி வித்தியாசம் வரும், அதனால் எங்கள் கருவியில் 16.5 காட்டினால்தான் நெல்லை ஏற்றுவது என்று முடிவு.

ஆனால் இதைக் குறுவையில் சோதிக்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023ல் அணை ஜூன் 12ல் திறந்தும் தண்ணீர் போதவில்லை. கடைமடையில் பயிர் கருகியது, அக்டோபரில் அணையே மூடப்பட்டது. ஈர நெல்லைப் பற்றிக் கவலைப்பட நெல்லே இல்லை. 2024ல் ஜூலை கடைசியில்தான் அணை திறந்தது, எங்கள் வாய்க்காலில் அந்த வருடம் குறுவையே கிடையாது.

2025ல் ஜூன் 12ஆம் தேதி திறந்தார்கள். இந்தக் குடும்பம் மூன்று ஏக்கரை நேரடி விதைப்பிலும், ஒரு ஏக்கரைத் தாயாரின் பிடிவாதத்தால் நடவிலும் வைத்தது. நேரடி விதைப்பு வயலைச் செப்டம்பர் 29ல் பதினொரு மணிக்கு மேல் அறுத்தார்கள். ஈரம் 19.8. நேராகக் களம், இரண்டு நாள் வெயில், எங்கள் கருவியில் 16.4. அதற்குப் பிறகே நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே காத்திருப்பு அப்படியேதான் இருந்தது. அந்த அக்டோபரில் டெல்டா முழுக்கக் கொள்முதல் தேங்கியது, மழையும் முன்கூட்டியே வந்தது. பதினான்கு நாள் முற்றத்தில் கிடந்தது இவர்கள் நெல். மழை அடித்தது, பாய் போட்டார்கள், இரண்டு நாள் திறக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் கை விட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. அடியில் வைக்கோல் பரப்பியிருந்தும் தரையோடு ஒட்டிய நெல் நனைந்து மூன்று சாக்கு வீணானது. மற்றதெல்லாம் சன்னரக விலையான குவிண்டால் 2,545க்குப் போனது.

நடவு செய்த ஒரு ஏக்கர் அக்டோபர் பத்துக்கு மேல் அறுவடைக்கு வந்தது. அன்று களம் காலியில்லை, மற்ற இரண்டு வீட்டு நெல் கிடந்தது. களம் அதற்கு மேல் தாங்காது. அந்த ஒரு ஏக்கர் நெல்லை மறுபடியும் மண்டபத்தில் விசிறி போட்டு எட்டு நாள் துழாவினார்கள். கெடவில்லை, ஆனால் துழாவியது எழுபது வயதைத் தாண்டிய தாயாரும் மருமகளும்தான்.

யார் வீட்டு நெல் முதலில் களம் ஏறுவது என்பதைக் குறுவைக்கு முன்பே சீட்டுக் குலுக்கி எழுதி வைப்பது என்று குழுவில் பேசியிருக்கிறோம், இன்னும் எழுதவில்லை. களத்தின் கிழக்கு ஓரத்தில் மழைத் தண்ணீர் கட்டுகிறது. தை பிறந்ததும் அங்கே இரண்டு நடை மண் அடிக்கவேண்டும்.